எஞ்சின் சூடேறவே மாட்டேன் என்கிறதா? காரணத்தைக் கண்டுபிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

காரின் டெம்பரேச்சர் முள் சிவப்பை நோக்கி ஏறினால் பதறியடித்து ஓரம் கட்டுகிறோம். அதே முள் பாதிக்குக் கீழே படுத்தே கிடந்தால் யாரும் கண்டுகொள்வதில்லை. ‘சூடாகாம ஓடுதே, நல்லதுதானே’ என்று விட்டுவிடுகிறோம். நானும் அப்படித்தான் பல மாதம் ஓட்டினேன். மைலேஜ் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. ஒருநாள் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால், அதன் அடிப்பக்கத்தில் வெளிர் பழுப்பு நிறத்தில் நுரைத்த பசை. எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டுக்கு அடியில், குளிர்விக்கும் திரவமும் ஆயிலும் கலக்காமல் தடுக்கும் ஹெட் கேஸ்கட் போய்விட்டது என்று நினைத்து வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோனேன். அங்கே சென்சாரை மாற்றினார்கள். முள் அசையவில்லை. கடைசியில், எஞ்சின் சூடாகும்வரை குளிர்விக்கும் திரவத்தை (கூலன்ட்) ரேடியேட்டருக்குப் போகவிடாமல் மூடி வைத்திருக்கும் வால்வான தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது, வால்வின் ரப்பர் விளிம்பு கிழிந்து நகக்கண் அளவுக்கு ஓர் இடைவெளி தெரிந்தது. அவ்வளவு சின்ன இடைவெளி போதும், எஞ்சினை ஆண்டு முழுக்கக் குளிரில் வைத்திருக்க.

அன்றிலிருந்து நான் பிடிவாதமாகக் கடைப்பிடிக்கும் ஒழுங்கு ஒன்று உண்டு: பாகம் வாங்குவதற்கு முன் அளவெடுப்பது. கீழே உள்ள படிகள் அந்த ஒழுங்கில்தான் இருக்கின்றன. செலவில்லாத சோதனைகள் முதலில், கழற்றிப் பார்ப்பது கடைசியில்.

குளிர்ந்த எஞ்சினால் என்ன கெடுகிறது?

பெரும்பாலான கார்களில் கூலன்ட் 85 முதல் 105 டிகிரி செல்சியஸுக்குள் இருக்கும்படிதான் எஞ்சினை வடிவமைக்கிறார்கள். அந்தச் சூட்டில்தான் பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் உள்ள இடைவெளி சரியாக அமையும், ஆயில் தேவையான அளவுக்கு இளகும். சூடு வராதவரை ‘எஞ்சின் இன்னும் வார்ம்-அப் ஆகவில்லை’ என்றுதான் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியு நினைக்கும். அதனால் பெட்ரோலைக் கூடுதலாகத் தெளித்துக்கொண்டே இருக்கும். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் வழிந்து, அங்கே இருக்கும் ஆயில் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப்பில் போய்ச் சேரும். எரிதலில் உண்டாகும் நீராவியும் பிஸ்டன் ரிங் இடுக்கு வழியே கீழே கசியும். ஆயில் நன்றாகச் சூடானால் அது ஆவியாகி வெளியே போய்விடும். சூடாகாவிட்டால் அங்கேயே தங்கி ஆயிலோடு கலந்து பசையாகும். என் மூடியில் ஒட்டியிருந்தது அந்தப் பசைதான்.

டீசல் காரில் இன்னொரு சிக்கல் உண்டு. கூலன்ட் போதிய சூட்டுக்கு வராவிட்டால் பல வண்டிகளில் புகை வடிகட்டியைச் சுட்டுச் சுத்தம் செய்யும் ரீஜெனரேஷன் தொடங்கவே தொடங்காது. வடிகட்டி அடைத்துக்கொள்ளும். ஆட்டோமேட்டிக் கியர் உள்ள சில கார்கள், எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வர்ட்டரைப் பூட்டாமலேயே ஓடும். ஹைப்ரிட் கார் என்றால், அணைய வேண்டிய நேரத்திலும் எஞ்சின் அணையாமல் ஓடிக்கொண்டிருக்கும்.

படி 1: கூலன்ட் அளவைப் பாருங்கள்

இதைத் தவிர்த்துவிட்டு அடுத்த படிக்குப் போகாதீர்கள். கூலன்ட் குறைந்து சென்சார் இருக்கும் இடத்தில் காற்று தேங்கினால், சென்சார் திரவத்தை விட்டுக் காற்றின் சூட்டை அளக்கும். அப்போது முள் குறைவாகக் காட்டும்; உள்ளே எஞ்சினோ கொதித்துக்கொண்டிருக்கலாம். குளிர்ச்சியாகத் தெரிகிறதே என்று ஓட்டி ஹெட்டை வளைத்துக்கொள்வது இப்படித்தான்.

எஞ்சின் முழுமையாக ஆறிய பிறகு, அதாவது இரவு முழுக்க நின்ற பிறகு, ரிசர்வாயர் தொட்டியில் குறைந்தபட்சக் கோட்டுக்கு மேல் அளவு இருக்கிறதா என்று பாருங்கள். ரேடியேட்டரிலேயே மூடி உள்ள வண்டியானால் அதையும் திறந்து வாய்வரை இருக்கிறதா என்று பாருங்கள். சூடான எஞ்சினில் மூடியைத் தொடவே கூடாது. உள்ளே அழுத்தம் இருப்பதால் கூலன்ட் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கும். திறந்த கணத்தில் கொதித்து முகத்தில் பீறிடும்.

அளவு குறைந்திருந்தால் முதலில் கசிவைத் தேடி, நிரப்பி, காற்றை வெளியேற்றுங்கள். பலருடைய பிரச்சினை இங்கேயே முடிந்துவிடும். ஆயில் மூடியில் பசை இருந்தால், ஆயில் அளவு பார்க்கும் குச்சியான டிப்ஸ்டிக்கையும் உருவிப் பாருங்கள். டிப்ஸ்டிக்கில் ஆயில் தெளிவாக இருந்து, கூலன்ட் அளவும் குறையாமல் இருந்தால், அது ஹெட் கேஸ்கட் ஆக இருக்க வாய்ப்பு குறைவு. டிப்ஸ்டிக்கிலும் ஆயில் கலங்கியிருந்து கூலன்டும் குறைந்துகொண்டே வந்தால் வண்டியை ஓட்டாதீர்கள், அது வேறு நோய்.

படி 2: முள்ளை நம்பாமல் எண்ணைப் படியுங்கள்

டேஷ்போர்டு முள் முழு உண்மையையும் சொல்லாது. முள் அலைபாய்ந்தால் ஓட்டுநர் பயப்படுவார் என்பதற்காகப் பல கார்களில் ஏறத்தாழ 75 டிகிரியிலிருந்து 110 வரை முள் நடுவிலேயே நிற்கும்படி வைத்திருக்கிறார்கள். ஆகவே முள் நடுவுக்குக் கீழே இறங்கியிருந்தால் உண்மையான சூடு கணிசமாகக் குறைந்திருக்கிறது என்று பொருள். முள்ளே இல்லாமல் நீல விளக்கு மட்டும் உள்ள கார்களில், அந்த விளக்கு அணைந்துவிட்டால் எல்லாம் சரி என்று எடுத்துக்கொள்ள முடியாது. எஞ்சின் வேலைச் சூட்டுக்கு வருவதற்கு வெகு முன்பே அது அணைந்துவிடும்.

ஸ்டியரிங்குக்குக் கீழே, இசியு தரும் தகவலைப் படிப்பதற்கான 16 முனை கொண்ட ஓபிடி சாக்கெட் இருக்கும். அதில் செருகும் ஒரு சின்ன புளூடூத் அடாப்டரும் கைப்பேசியில் ஒரு செயலியும் இருந்தால் கூலன்ட் சூட்டை டிகிரிக் கணக்கில் நேரடியாகப் படிக்கலாம். இந்த வேலைக்கு இதைவிடப் பயனுள்ள கருவி இல்லை.

முதலில் கோடுகளை, அதாவது இசியு பதிவுசெய்த கோளாறுக் குறியீடுகளை, படியுங்கள். பி 0128 வந்திருந்தால், தெர்மோஸ்டாட் பராமரிக்க வேண்டிய சூட்டுக்குக் கூலன்ட் உரிய நேரத்தில் வரவில்லை என்று இசியு கணக்குப் போட்டுச் சொல்கிறது. பி 0117, பி 0118 இரண்டும் சென்சாரின் மின்சுற்று பற்றியவை. பி 0116 வந்தால் சென்சார் சொல்லும் அளவு பொருந்தவில்லை என்று அர்த்தம். பி 0597 முதல் பி 0599 வரை வந்தால், உங்கள் காரில் இருப்பது மின்சாரத்தால் கட்டுப்படுத்தப்படும் தெர்மோஸ்டாட், அதன் ஹீட்டர் சுற்றில் கோளாறு. கோடு என்பது புகார் மனு மாதிரி. குற்றவாளியின் பெயர் அதில் இருக்காது. பி 0128-ஐப் பார்த்ததும் தெர்மோஸ்டாட் வாங்க ஓட வேண்டாம்; கூலன்ட் குறைவும் அதே கோடைக் கொண்டுவரும்.

படி 3: காலையில் ஒரு ஒப்பீடு

இரவு முழுக்க நிழலில் நின்ற வண்டியில் எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் இக்னிஷனை மட்டும் போடுங்கள். செயலியில் கூலன்ட் சூடு, உள்ளிழுக்கும் காற்றின் சூடு இரண்டையும் பாருங்கள். இரண்டும் வெளிச் சூட்டோடு ஏறத்தாழ ஒத்துப்போக வேண்டும். நாலைந்து டிகிரி முன்பின் இருந்தால் பரவாயில்லை. வெளியே 28 டிகிரி, காற்று 29, கூலன்ட் மட்டும் 12 என்று காட்டினால் சென்சாரோ அதன் வயரோ பொய் சொல்கிறது. நேராகப் படி 6-க்குப் போங்கள். கூலன்ட் மைனஸ் 40 என்று காட்டினால் சுற்று எங்கோ அறுந்திருக்கிறது. பெரும்பாலும் கனெக்டர் கழன்றிருக்கும்.

படி 4: சூடேறும் விதத்தைக் கவனியுங்கள்

நோயின் கையெழுத்து இந்தப் படியில்தான் தெரியும். அவசரப்படாமல் செய்யுங்கள். ஏசியையும் ஹீட்டரையும் அணைத்துவிட்டு ஸ்டார்ட் செய்து வழக்கம்போல ஓட்டுங்கள். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து நிமிடத்துக்கு ஒருமுறை கூலன்ட் சூட்டைக் குறித்துக்கொள்ளட்டும். ஓட்டுபவர் கைப்பேசியைப் பார்க்கக் கூடாது. நிறுத்தி வைத்து ஐடிலில் சூடேற்றிப் பார்ப்பதில் பயனில்லை. டீசல் எஞ்சின் ஐடிலில் அரை மணி நேரம் நின்றாலும் முழுச் சூட்டுக்கு வராமல் போகலாம்; அதைக் கோளாறு என்று தவறாக எண்ணிவிடுவீர்கள்.

நல்ல எஞ்சினில் சூடு தடையில்லாமல் ஏறும். 80-களிலோ 90-களிலோ தெர்மோஸ்டாட் திறக்கும் தருணத்தில் ரேடியேட்டரில் இருந்த குளிர்ந்த கூலன்ட் உள்ளே வருவதால் சில டிகிரி இறங்கும். பிறகு மறுபடி ஏறி ஓரிடத்தில் நிலைக்கும். அந்தச் சின்ன இறக்கத்தைப் பார்த்தால், தெர்மோஸ்டாட் மூடியிருந்து இப்போதுதான் திறந்தது என்பதற்கு அதுவே சாட்சி.

திறந்தபடி சிக்கிய தெர்மோஸ்டாட் வேறு விதமாக நடந்துகொள்ளும். ஏற்றம் மந்தமாக இருக்கும். இறக்கம் என்ற தருணமே வராது. சிக்னலில் நிற்கும்போது சூடு ஏறும், வேகச் சாலையில் காற்று அடித்ததும் 60, 65 என்று சரியும், நெரிசலுக்குள் வந்தால் மறுபடி ஏறும். சூடு வேகத்தோடு ஏறி இறங்குகிறது என்றால் பத்தில் ஒன்பது தடவை தெர்மோஸ்டாட்தான். சூடு ஏறியபின் வேகம் எதுவானாலும் ஒரே குறைந்த அளவில், உதாரணமாக 76-ல், உறுதியாக நின்றால், யாரோ குறைந்த டிகிரி தெர்மோஸ்டாட்டைப் போட்டிருக்கலாம், அல்லது சென்சார் குறைத்துச் சொல்லலாம். எண் 70-லிருந்து 40-க்குத் தாவி உடனே திரும்பி வந்தால் அது வயர் அல்லது காற்றுக் குமிழி. உலோகமும் திரவமும் அப்படித் தாவாது.

குறித்து முடிந்ததும் ஹீட்டரையும் போட்டுப் பாருங்கள். முள் கீழே இருக்க, ஹீட்டர் காற்று நல்ல சூடாக வந்தால் சென்சார் மேல் சந்தேகம். இரண்டும் வெதுவெதுப்பாக இருந்தால் எஞ்சின் உண்மையிலேயே குளிர்ந்திருக்கிறது. முள் பாட்டுக்கு ஏறியிருக்க ஹீட்டர் மட்டும் குளிர்ந்தால் ஹீட்டர் குழாயில் காற்றோ அடைப்போ இருக்கும்.

படி 5: ஹோஸ், ஃபேன்

ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் செய்து ரேடியேட்டரின் மேல் ஹோஸை அவ்வப்போது தொட்டுப் பாருங்கள். தொளதொள சட்டைக் கை, துப்பட்டா, சங்கிலி எதுவும் ஃபேன் அருகே தொங்கக் கூடாது. எலெக்ட்ரிக் ஃபேன் எந்த நொடியும் சுழலத் தொடங்கலாம். தெர்மோஸ்டாட் எஞ்சினின் மேல் வாயில் இருக்கும் வண்டியில், நெடுநேரம் மேல் ஹோஸ் குளிர்ந்தே இருந்து, பிறகு ஒரே நிமிடத்தில் தொட முடியாத சூட்டுக்கு வர வேண்டும். ஆரம்பத்திலிருந்தே எஞ்சினோடு சேர்ந்து மெல்ல மெல்ல வெதுவெதுப்பானால் வால்வு மூடவில்லை. ஆனால் இப்போது நிறையக் கார்களில் தெர்மோஸ்டாட் கீழ் ஹோஸ் வந்து சேரும் பக்கத்தில் இருக்கிறது. அவற்றில் மேல் ஹோஸ் சீக்கிரமே சூடாவது இயல்பு. கீழ் ஹோஸ்தான் கடைசிவரை குளிர்ந்திருக்க வேண்டும். எந்த ஹோஸ் தெர்மோஸ்டாட் கூட்டில் போய்ச் சேர்கிறது என்று பார்த்த பிறகு சோதியுங்கள்.

ரேடியேட்டரில் மூடி உள்ள, மேல் வாய் தெர்மோஸ்டாட் வண்டிகளில் இன்னும் தெளிவான சோதனை ஒன்று உண்டு. முழுக்க ஆறிய எஞ்சினில் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்து, டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். கூலன்ட் லேசாக அதிர்ந்தபடி சும்மா நின்றால் நல்லது. முதல் நிமிடத்திலேயே குழாய் வாயில் ஓடை போல் ஓடுவது தெரிந்தால், தெர்மோஸ்டாட் திறந்து கிடப்பதைக் கண்ணால் பார்க்கிறீர்கள். ஓரிரு நிமிடத்துக்குள் அணைத்து மூடிவிடுங்கள்.

இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் வைத்திருப்பவர்கள் அதைக் கறுப்பு ரப்பர் ஹோஸ் மேல் காட்டுங்கள். பளபளப்பான அலுமினியத்தின் மேல் காட்டினால் உண்மையைவிட மிகக் குறைவாகக் காட்டும். அதை நம்பி ஏமாந்தவர்கள் பலர்.

ஃபேன் பற்றி ஒரு வார்த்தை. ஏசி அணைந்திருக்க, ஆறிய எஞ்சினில் ஃபேன் சுழன்றால், அதற்கு மின்சாரம் விடும் ரிலே ஒட்டிக்கொண்டிருக்கலாம். சென்சார் சுற்று அறுந்தாலும் பாதுகாப்புக்காக இசியு ஃபேனை ஓடவிடும். பெல்ட்டில் ஓடும் விஸ்கஸ் ஃபேன் என்றால், எந்நேரமும் இரைந்துகொண்டே இருப்பது அந்த ஃபேனின் கிளட்ச் இறுகிவிட்டதன் அடையாளம். ரிலேயை மாற்றிவிட்டு வேலை முடிந்தது என்று மட்டும் நினைக்காதீர்கள். தெர்மோஸ்டாட் ஒழுங்காக மூடினால் ரேடியேட்டருக்குக் கூலன்டே போகாது. அங்கே எவ்வளவு காற்று அடித்தாலும் எஞ்சின் குளிராது. ஃபேன் ஓடுவதால் எஞ்சின் குளிர்கிறது என்றால் தெர்மோஸ்டாட்டும் கூட்டுக் குற்றவாளிதான்.

படி 6: சென்சாரும் வயரும்

கூலன்ட் சென்சார் என்டிசி வகை. சூடு ஏற ஏற அதன் மின்தடை இறங்கும். பல கார்களில் 20 டிகிரியில் 2 முதல் 3 கிலோ ஓம், 80 டிகிரியில் 300 ஓம் அளவில் இருக்கும். துல்லியமான அட்டவணை உங்கள் காரின் சர்வீஸ் கையேட்டில் கிடைக்கும். இதிலிருந்து ஒரு முக்கியமான விஷயம் புரிகிறது: சுற்றில் எங்கே தடை கூடினாலும் இசியு அதைக் குளிர்ச்சி என்றுதான் வாசிக்கும். கனெக்டர் பின்னில் பச்சை பூத்து ஒரு 100 ஓம் சேர்ந்தால் போதும், 80 டிகிரி எஞ்சின் 70 டிகிரி என்று பதிவாகும். அதனால் சென்சாரை மாற்றுவதற்கு முன் கனெக்டரைக் கழற்றி, பின்களைச் சுத்தம் செய்து, திருப்பிச் செருகிப் பாருங்கள்.

இரண்டு வயர் சென்சாரில் வயரையும் இசியுவையும் சோதிக்க எளிய வழி இருக்கிறது. கனெக்டரைக் கழற்றினால் செயலி மைனஸ் 40 அளவில் காட்ட வேண்டும். கனெக்டரின் இரண்டு முனைகளையும் ஒரு சின்ன வயர் துண்டால் இணைத்தால் 120-க்கு மேல் உச்சத்துக்குத் தாவ வேண்டும். இரண்டும் நடந்தால் வயர் நலம். பிறகு சென்சாரின் தடையை மல்டிமீட்டரால் அளந்து அட்டவணையோடு ஒப்பிடுங்கள். சோதனையால் பதிவான கோடைக் கடைசியில் அழித்துவிடுங்கள். பழைய கார்களில் முள்ளுக்கு ஒரு சென்சார், இசியுவுக்கு ஒன்று எனத் தனித்தனியாக இருக்கும். செயலி 90 காட்ட, முள் மட்டும் கீழே கிடந்தால் எஞ்சினைத் தொடாதீர்கள், முள்ளின் சென்சாரைப் பாருங்கள்.

படி 7: தெர்மோஸ்டாட்டை வெளியே எடுத்தல்

இதுவரை எல்லாம் தெர்மோஸ்டாட்டையே கைகாட்டினால், ஆறிய எஞ்சினில் கூலன்டை ஒரு பாத்திரத்தில் வடித்துவிட்டுக் கழற்றுங்கள். பெரும்பாலான கூலன்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் நஞ்சு, இனிக்கவும் செய்யும். குழந்தைகளும் நாய் பூனைகளும் நெருங்காதபடி வையுங்கள்.

கூட்டைத் திறந்ததும் உள்ளே தெர்மோஸ்டாட்டே இல்லாமல் இருந்தால் திகைக்காதீர்கள். ஒருமுறை ஓவர்ஹீட் ஆன வண்டியில் அதைப் பிடுங்கி எறிந்துவிடும் வழக்கம் பரவலாக இருக்கிறது. இதைவிடக் கெட்ட வைத்தியம் இல்லை. பல எஞ்சின்களில் தெர்மோஸ்டாட்டின் பின்பக்கத்தில் இரண்டாவது தட்டு ஒன்று உண்டு. பிரதான வால்வு திறக்கும்போது அது பைபாஸ் வழியை மூடி, எல்லாக் கூலன்டையும் ரேடியேட்டருக்குத் திருப்பிவிடும். தெர்மோஸ்டாட்டை எடுத்துவிட்டால் பைபாஸ் நிரந்தரமாகத் திறந்துவிடும். கூலன்டில் ஒரு பகுதி ரேடியேட்டரைப் பார்க்காமலே எஞ்சினுக்குத் திரும்பும். சமவெளியில் எஞ்சின் குளிர்ந்தே ஓடும், பாரத்தோடு மலை ஏறும்போது கொதிக்கும். இரண்டு கெடுதலும் ஒன்றாக வரும்.

தெர்மோஸ்டாட் இருந்தால் வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். ஜிகிள் பின் என்ற சின்ன ஊசித் துளையைத் தவிர வேறு எங்கும் ஒளி தெரியக் கூடாது. வால்வு அமரும் விளிம்பில் துருத் துணுக்கு சிக்கியிருக்கிறதா, ஸ்பிரிங் உடைந்திருக்கிறதா, ரப்பர் கிழிந்திருக்கிறதா என்று பாருங்கள். திறக்கும் சூடு அதன் உடலிலேயே 82, 88 என்று பொறித்திருக்கும். உங்கள் காருக்குரிய எண்தானா என்று சரிபாருங்கள்.

பிறகு, சமையலுக்கு இனிமேல் பயன்படுத்தாத ஒரு பழைய பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி, தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டி அடியைத் தொடாமல் தொங்கவிட்டு, பக்கத்தில் தெர்மாமீட்டரை வைத்துச் சூடாக்குங்கள். பொறித்த எண்ணை ஒட்டித் திறக்கத் தொடங்கி, மேலும் 10 முதல் 15 டிகிரிக்குள் முழுதாகத் திறக்க வேண்டும். ஆறவிட்டால் மீதமில்லாமல் மூட வேண்டும். உள்ளே இருக்கும் மெழுகு உருகி விரிவதால்தான் வால்வு திறக்கிறது. மூடுவது ஸ்பிரிங்கின் வேலை. 105 டிகிரி என்று பொறித்த மின்சாரத் தெர்மோஸ்டாட் கொதிக்கும் தண்ணீரிலும் திறக்காது. தண்ணீரின் எல்லையே 100 என்பதால் அது கோளாறு அல்ல.

மாற்றிய பிறகு

புதியதையும் இதே பாத்திரத்தில் சோதித்துவிட்டே பொருத்துங்கள். குறைந்த டிகிரி போட்டால் வண்டி பாதுகாப்பாக இருக்கும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். தயாரிப்பாளர் சொன்ன எண்ணே சரி. ஸ்பிரிங் பக்கம் எஞ்சினை நோக்கியும், ஜிகிள் பின் மேற்புறத்திலும் இருக்கட்டும். பழைய கேஸ்கட் துணுக்குகளைச் சுரண்டி எடுத்து, புது ஓ-ரிங் வைத்து, போல்ட்டுகளைச் சமமாக முறுக்குங்கள். சிறிய 6 மில்லிமீட்டர் போல்ட்டுக்குப் பொதுவாக 10 நியூட்டன் மீட்டர் போதும். பிளாஸ்டிக் கூட்டில் அதற்கு மேல் போனால் விரிசல் விடும். கூலன்டை நிறத்தைப் பார்த்து வாங்காமல் கையேட்டில் சொன்ன வகையைப் பார்த்து வாங்குங்கள். அடர் கூலன்ட் என்றால் காய்ச்சி வடித்த நீரோடு சரிபாதியாகக் கலந்து ஊற்றுங்கள்.

ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, காற்று வெளியேற்றும் திருகு இருந்தால் திறந்து, குமிழி நிற்கும்வரை மெதுவாக நிரப்புங்கள். மூடியை மூடி, ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும்வரை எண்ணைக் கவனித்தபடி ஓடவிடுங்கள். பிறகு படி 4-ல் செய்த அதே ஓட்டத்தை மறுபடி செய்து, அந்தச் சின்ன இறக்கமும், வேகச் சாலையிலும் மாறாத சூடும் வருகின்றனவா என்று பாருங்கள். மறுநாள் காலை, எஞ்சின் ஆறியதும், கூலன்ட் அளவை இன்னொரு முறை பாருங்கள். உள்ளே தங்கியிருந்த காற்று வெளியேறி அளவு சற்று இறங்கியிருக்கும்.

டிப்ஸ்டிக்கை முகர்ந்தும் பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தாலோ, ஊற்றாமலே ஆயில் அளவு கூடியிருந்தாலோ, கெடு வரும்வரை காத்திருக்காமல் ஆயிலையும் ஃபில்டரையும் உடனே மாற்றிவிடுங்கள்.